இழு, ஓடு, விடு

தோட்டத்துக் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்பது நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் செலவாகும். அந்த ஆற்றல், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்த 500 கிலோ விமானம் ஒன்றை 400 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் வைக்கப் போதும். பள்ளிக்கூடக் கணக்குதான் இது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 20 லட்சம் ஜூல் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். உராய்வும் காற்றுத் தடையும் தம் பங்கைக் கேட்கும் என்பதால் நடைமுறையில் இதைப்போலச் சில மடங்கு தேவைப்படும். ஆனாலும் மனிதனை வானத்தில் ஏற்றிவிடும் செலவு இவ்வளவு குறைவா என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படி ஏற்றிவிடப்படும் விமானம்தான் கிளைடர். எஞ்சின் இல்லை, விசிறி இல்லை, எரிபொருள் தொட்டி இல்லை. நீண்டு மெலிந்த இறக்கைகள், ஒடுங்கிய உடல், கண்ணாடி மூடிக்குக் கீழே ஓர் இருக்கை அல்லது இரண்டு. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் ஜெர்மனியின் ஏ.எஸ்.கே.-21 கிளைடரை எடுத்துக்கொள்வோம். இறக்கை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 17 மீட்டர். ஆள் ஏறாத எடை 360 கிலோ. ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது 34 மீட்டர் முன்னேறும். சின்னமனூருக்கு மேலே 400 மீட்டரில் அதை விட்டால், காற்று அசையாத நாளில், கணக்குப்படி உத்தமபாளையத்தைத் தாண்டிப் போகும்; கம்பம் போய்ச் சேராது. பத்து நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். அதற்குமேல் பறக்க வேண்டுமானால் மேலெழும் காற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கிளைடரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். வெப்பக் காற்றில் வட்டமிடுவது, மலைச் சரிவை ஒட்டி மிதப்பது, கழுகுகளோடு போட்டி போடுவது என்று எழுதுவார்கள். என் மனம் அதற்கு முந்திய பகுதியிலேயே நின்றுவிடுகிறது. தன்னால் ஒரு அடிகூட நகர முடியாமல் புல்லில் கிடக்கும் ஒன்றை யார் இழுக்கிறார்கள்? எதைக் கொண்டு இழுக்கிறார்கள்? கயிற்றை எந்த இடத்தில் கட்டுகிறார்கள்? எந்த நொடியில் விடுகிறார்கள்? கிளைடரின் பாதி அறிவியல் இந்தக் கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது.

கொட்டகையிலிருந்து ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதே தனிக் கலை. பெரும்பாலான கிளைடர்களுக்கு வயிற்றின் நடுவில் ஒரே ஒரு பெரிய சக்கரம். விட்டால் ஒரு பக்கம் சாய்ந்து இறக்கை நுனி தரையைத் தொடும். அதனால் நகர்த்தும்போதெல்லாம் ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்தபடி கூடவே நடக்க வேண்டும். எளிய முறை, மூக்கில் இருக்கும் கொக்கியில் கயிற்றை மாட்டி காரிலோ ஜீப்பிலோ டிராக்டரிலோ கட்டி இழுப்பது.

சித்திரையில் எங்கள் சின்னமனூர் பூலானந்தீசுவரர் கோயில் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் சொல்லாமலே விளங்கும். வடத்துக்கு இழுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அதனால்தான் தேர்ச் சக்கரத்தோடு கூடவே முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடக்கிறார்கள். கயிற்றில் வரும் கிளைடரும் அப்படித்தான். முன்னால் போகும் கார் நின்றுவிட்டால் கிளைடர் நிற்காது; சரிவில் உருண்டு வந்து காரின் பின்புறத்தில் மோதும். ஆகவே மூக்குக்கு அருகில் ஒருவர், பிடித்து நிறுத்துவதற்கென்றே நடப்பார். கயிற்றின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. அது பாதி இறக்கையைவிட நீளமாக இருக்க வேண்டும். இறக்கை நுனி பிடித்தவர் இடறி, கிளைடர் சுழன்று திரும்பினாலும், எட்டரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கை காரை எட்டக்கூடாது என்பதற்காக. ஓட்டுநர் ஆள் நடக்கும் வேகத்தைத் தாண்டக்கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும், பின்னால் 'நில்' என்று கத்தினால் காதில் விழ வேண்டுமே.

ஆள் குறைவான இடங்களில் கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பியோ அலுமினியக் குழாயோ பயன்படுகிறது. இதில் கிளைடரை வால் முன்னால் வரும்படி பின்னோக்கி இழுக்கிறார்கள். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் காரணம் தெளிவானது. கிளைடரின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுச்சக்கரத்தின் மேல் நிற்பதால் வாலை ஒருவரே தூக்கிவிடலாம். வாலுக்கு அடியில் 'டெயில் டாலி' என்ற சிறு வண்டியைப் பூட்டுகிறார்கள். உடலைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு பட்டை, அதன் கீழே எல்லாப் பக்கமும் திரும்பும் ஒரு சக்கரம், அவ்வளவுதான். அந்த டாலியிலிருந்து இழுகம்பி காரின் பின்கொக்கிக்குப் போகிறது. ஒரு பக்க இறக்கையின் அடியில் உயரமான தண்டில் இன்னொரு சக்கரம் பூட்டப்படுகிறது. இப்போது கிளைடர் மூன்று சக்கர வண்டியாகிவிட்டது; ஒரே ஆள் காரில் உட்கார்ந்து கொண்டுபோகலாம். கம்பி வளையாது, ஆகவே கார் நின்றால் கிளைடரும் நிற்கும். திருப்பத்தில் மட்டும் ஓட்டுநர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. தன் காரைவிட எட்டொன்பது மடங்கு அகலமான பொருள் பின்னால் வருகிறது. கார் மெதுவாகத் திரும்பினாலும் இறக்கை நுனி பெரிய வட்டத்தில் வேகமாக வீசிக்கொண்டு வரும்.

கையால் தள்ளும்போதும் கண்ட இடத்தில் கை வைக்கக்கூடாது. இறக்கையின் முன்விளிம்பு உறுதியானது. உடலோடு சேரும் இடத்துக்கு அருகில் அதைப் பிடித்துத் தள்ளலாம். பின்விளிம்பு அப்பளம்போல் மெலிதாகச் செய்யப்பட்டது, அதிலும் அசையும் பகுதிகளைத் தொடவே கூடாது. விரலால் உண்டாகும் சிறு விரிசல், பறக்கும்போது அதிர்வாக வளரக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விடத் தரையில் கிளைடருக்குப் பெரிய பகை காற்று. வெளியூர்க்காரர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றலாம். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அப்படித் தோன்றாது. ஆடிக் காற்றுக்கு முன்பே வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக் கயிறு இழுத்துக் கட்டுகிற ஊர்கள் இவை. இறக்கையின் தூக்குவிசை காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி மாறுவது. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் தன் முழு எடையையும் தாங்கும் இறக்கை, 40 கிலோமீட்டர் காற்று சரியான கோணத்தில் அடித்தால், எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூக்கிவிடும். ஓட்டுபவர் இல்லாமல், தரையில் நிற்கும்போதே. அதனால்தான் இழுத்துப் போகும்போது காற்று வரும் பக்கத்து இறக்கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சற்றே தாழ்த்தி நடக்கிறார்கள். அடியில் காற்று புகுந்துவிட்டால் இறக்கை எழும்பிக் கிளைடர் கவிழும். நிறுத்திவைக்கும்போது காற்றுக்குக் குறுக்காக வைத்து, காற்றுப் பக்கத்து நுனியைத் தரையில் சாய்த்து, அதன்மேல் பழைய டயரோ மணல் மூட்டையோ வைப்பார்கள். உலகத்தின் எந்தக் கிளைடர் மைதானத்துக்குப் போனாலும் பழைய டயர்கள் கிடப்பதைக் காணலாம்.

தரை வேலையில் நேரும் மிகக் கொடிய மறதி, டெயில் டாலியைக் கழற்றாமலே பறந்துவிடுவது. சில கிலோ எடையுள்ள ஒரு சின்ன வண்டி என்ன செய்துவிடும் என்று தோன்றும். டாலி 8 கிலோ, அது கிளைடரின் ஈர்ப்பு மையத்துக்கு 4 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானி உட்காருவது அந்த மையத்துக்கு அரை மீட்டர் முன்னால். எட்டை நாலால் பெருக்கினால் 32. முன்னால் அரை மீட்டரில் அதே அளவு வர 64 கிலோ வேண்டும். அதாவது இருக்கையிலிருந்து ஓர் ஆளையே தூக்கி வெளியே போட்டால் சமநிலை எவ்வளவு கெடுமோ அவ்வளவு கெடுகிறது. மூக்கு தானாக எழும்பும், வேகம் குறையும், இறக்கை தூக்குவிசையை இழக்கும், சுழன்று விழத் தொடங்கினால் மீட்பது கடினம். உயிர்கள் போயிருக்கின்றன. டாலிக்குக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ சிவப்போ அடிப்பதும், புறப்படும் முன் 'டாலி கழற்றியாச்சா' என்று வாய்விட்டுக் கேட்பதும் இதனால்தான்.

இனி, மேலே ஏற்றுவது. பல முறைகள் உண்டு. எஞ்சின் விமானம் முன்னால் பறந்து கயிற்றால் இழுத்துப் போகலாம். நீண்ட ஓடுதளம் இருந்தால் ஜீப்பே இழுத்து ஏற்றலாம், என்.சி.சி. முகாம்களில் ஜீப்பில் கயிறு கட்டிப் பாராசெய்லிங் செய்தவர்கள் இந்த முறையின் தம்பியைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தரையிலிருந்து இழுக்கும் முறைகளில் அரசன் வின்ச்தான்.

மைதானத்தின் ஒரு கோடியில் வின்ச். லாரி எஞ்சின் அளவுக்கு ஒரு பெரிய எஞ்சின், அதனோடு பூட்டிய உருளை. மறுகோடியில் கிளைடர். நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வடம். எஞ்சின் வடத்தைச் சுற்றத் தொடங்கிய மூன்று நான்கு விநாடிகளில் கிளைடர் தரையை விட்டுவிடும். கொஞ்ச தூரம் தாழ்வாக ஓடி, வேகம் பிடித்ததும் மெல்ல மூக்கை உயர்த்தி, பிறகு செங்குத்துக்குப் பாதியான சரிவில் வானத்தை நோக்கி ஏறும். 40 விநாடிக்குள் 400 மீட்டர். கிணற்று மோட்டார் ஒன்பது நிமிடம் ஓடித் தரும் ஆற்றலை இங்கே 40 விநாடிக்குள் தந்தாக வேண்டும். வீணாவதே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் 67 குதிரைத்திறன் ஆகிறது. இழப்புகளையும் சேர்த்து, நடைமுறையில் 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின்களை வைக்கிறார்கள். ஜெர்மனியில் மின்சார வின்ச்சுகளும் ஓடுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வின்ச் தரையில் இருக்கிறது. வடம் முன்னோக்கியும், கிளைடர் உயர உயரக் கீழ்நோக்கியும்தான் இழுக்கிறது. பிறகு கிளைடர் எப்படி மேலே போகிறது?

மேலே தூக்குவது வடம் அன்று, இறக்கை. வடம் தருவது வேகத்தை மட்டும். அந்த வேகத்தில் இறக்கைமேல் பாயும் காற்று, போகும் திசைக்குச் செங்குத்தாகத் தூக்குவிசையைத் தருகிறது. மூக்கு உயர்ந்திருப்பதால் கிளைடர் வின்ச்சை நெருங்கியபடியே வளைந்த பாதையில் ஏறிப்போகிறது. இறக்கை தன் எடையோடு வடத்தின் கீழிழுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருப்பதால், ஏற்றத்தின் மேற்பகுதியில் அதன்மேல் விழும் சுமை எடையைப்போல் இரண்டு மடங்கை எட்டலாம். எதிர்காற்று இருந்தால் இன்னும் நல்லது. வின்ச் தர வேண்டிய வேகத்தில் ஒரு பகுதியைக் காற்றே இலவசமாகத் தந்துவிடுகிறது, கிளைடர் கூடுதல் உயரம் போகிறது. வடத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் எளிதில் கிடைக்கும். நல்ல எதிர்காற்றில் பாதியளவுக்கும் போகலாம்.

கொக்கி எங்கே இருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வின்ச்சுக்கான கொக்கி மூக்கில் இருப்பதில்லை. வயிற்றில், ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே முன்னால் இருக்கிறது. மூக்கில் கட்டினால் வடம் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், கிளைடர் போதிய சரிவில் ஏற மறுக்கும். மையத்துக்குப் பின்னால் கட்டினால் மூக்கு வெடுக்கென்று மேலே பாய்ந்து கட்டுப்பாடு போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகல இடத்தில்தான் ஏற்றம் சாத்தியம். எஞ்சின் விமானம் இழுக்கும்போது இதே கிளைடருக்கு மூக்குக் கொக்கிதான் நல்லது, அப்போது உயரத்தைவிட நேராகப் போவதே முக்கியம். ஒரே உடல், ஒரே கயிறு. கட்டும் இடம் ஒரு மீட்டர் மாறினால் நடத்தையே மாறுகிறது.

வடம் முன்பெல்லாம் எஃகு. ஒரு கிலோமீட்டர் எஃகு வடம் 70 கிலோவுக்கு மேல் கனக்கும்; கிளைடர் அதையும் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். இப்போது பல இடங்களில் டைனீமா போன்ற செயற்கை இழை வடங்கள் வந்துவிட்டன. அதே வலுவுக்கு எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அறுந்தால் எஃகுபோல் சுருண்டு சீறி அடிப்பதும் இல்லை.

வடத்துக்கும் கிளைடருக்கும் நடுவே சில பொருள்கள் கோத்திருக்கும். ஒன்று சிறிய பாராசூட். விமானி வடத்தை விட்டதும் அது விரிந்து, வடம் சிக்கலாகக் குவியாமல் மெதுவாக இறங்கும்படி பார்த்துக்கொள்ளும். அதற்குள் வின்ச் அதைச் சுற்றி எடுத்துவிடும். இன்னொன்று, விரல் நீளத்தில் நடுவில் மெலிந்த ஓர் இரும்புத் துண்டு. பலவீனமாகவே இருக்க வேண்டும் என்று கவனத்தோடு செய்யப்பட்ட துண்டு அது. இழுப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கிளைடரின் இறக்கை முறியும் முன் இது முறிந்துவிட வேண்டும். நிறத்தால் வலு தெரியும். ஜெர்மனியின் டோஸ்ட் நிறுவன வரிசையில் கறுப்பு ஏறக்குறைய 1000 கிலோ இழுப்பைத் தாங்கும், பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. ஒவ்வொரு கிளைடரின் கையேட்டிலும் எந்த நிறம் என்று அச்சிட்டிருக்கும். வலு கூடிய துண்டை மாட்டிவிட்டால் நல்லதுதானே என்று நினைப்பவர் அந்த மைதானத்தில் வேலை செய்யத் தகுதியற்றவர்.

விடுவதற்கு மூன்று வழிகளை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். விமானியின் கைக்கு எட்டும் மஞ்சள் குமிழ் முதல் வழி. பெரும்பாலான கிளைடர்களில் அது மஞ்சள்தான். விமானி மறந்து வின்ச்சைத் தாண்டிப் பறந்துவிட்டால், வடம் பின்னோக்கிச் சாயும்போது கொக்கி தானாகவே திறந்துகொள்ளும். அதுவும் நடக்காவிட்டால் வின்ச்சிலேயே ஒரு வெட்டுக்கத்தி இருக்கிறது. வின்ச் ஓட்டுபவர் நெம்புகோலைத் தட்டினால் வடம் துண்டாகும். ஏற்றத்தின் நடுவில் வடம் அறுந்தால் என்ன செய்வது என்பதைப் பயிற்சி பெறுபவர் தனியாகப் பறக்கும் முன் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். உடனே மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பார், பிறகு எங்கே இறங்குவது என்று முடிவு செய். இந்த வரிசை மாறக்கூடாது.

வின்ச் ஓட்டுபவருக்கும் விமானிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர். அவர்களுக்கு நடுவே பேசுவது சைகை. இறக்கை நுனியைத் தூக்கிப் பிடித்திருப்பவர் மறுகையைக் கீழே வீசினால் வடத்தின் தொய்வை மெல்லச் சுற்று என்று பொருள். தலைக்கு மேல் வீசினால் முழு வேகத்தில் இழு. கையை அசைக்காமல் மேலே நிறுத்தினால் நில். இதே சொற்களை விளக்கின் மினுக்கலிலும் அனுப்புவார்கள்: மெல்ல மினுக்கல், விரைந்த மினுக்கல், நிலையான வெளிச்சம். இறக்கை பிடித்தவர் ஓடுவது ஏழெட்டு எட்டுதான். அதற்குள் இறக்கைக்குத் தானாக நிற்கும் வேகம் வந்துவிடும். வராமல் நுனி புல்லைத் தொட்டுவிட்டால், விமானி அந்தக் கணமே மஞ்சள் குமிழை இழுத்துவிட வேண்டும். சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்களின் கிளைடர்கள் இறக்கையை ஊன்றிக் குட்டிக்கரணம் அடித்திருக்கின்றன.

வின்ச் வருவதற்கு முன் குதிரைகள் இழுத்தன. 1856-இல் பிரான்சின் கடற்கரையில் ழான் மரி லெ பிரி என்ற மாலுமி, கடற்பறவையைப் பார்த்துத் தான் செய்த கிளைடரை ஒரு வண்டிமேல் வைத்து, காற்றுக்கு எதிராகக் குதிரையை ஓட்டச் செய்து மேலெழுந்தார். இங்கிலாந்தின் பெர்சி பில்ச்சர் குதிரைகளால் கயிறு இழுக்கச் செய்து பறந்தவர். 1899 செப்டம்பர் 30 அன்று வால் பகுதி முறிந்து விழுந்து, இரண்டு நாளில் இறந்தார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி எஞ்சின் விமானம் கட்டுவதை வெர்சாய் ஒப்பந்தம் முடக்கியபோது, அந்த நாட்டு இளைஞர்கள் வாசர்குப்பே என்ற மலையில் 1920 முதல் கிளைடர்களோடு கூடினார்கள். அங்கே எஞ்சினும் குதிரையும் தேவைப்படவில்லை. மூக்குக் கொக்கியில் தடித்த ரப்பர் கயிற்றின் நடுவை மாட்டி, இரு முனைகளையும் இரண்டு கூட்டமாகப் பிடித்துக்கொண்டு மலைச் சரிவில் கவண்போல் விரிந்து நிற்பார்கள். வாலை வேறு சிலர் இறுகப் பிடித்திருப்பார்கள். மூன்றே கட்டளைகள். இழு என்றால் நடந்து கயிற்றை நீட்ட வேண்டும். ஓடு என்றால் ஓட வேண்டும். விடு என்றால் வாலைப் பிடித்தவர்கள் கையை விட வேண்டும். கிளைடர் அவர்கள் தலைக்கு மேலே பாய்ந்து போகும். இங்கிலாந்தில் லாங் மிண்ட் என்ற குன்றின் மேல் உள்ள கிளைடர் சங்கத்தில் இந்த முறை பிற்காலத்திலும் தொடர்ந்தது.

நம் மண்ணிலும் கயிறு ஒரு பெரிய வரலாற்றைச் சுமந்திருக்கிறது. 1944 மார்ச் 5 இரவு, அசாமின் லாலாகாட் விமானத் தளத்தில் வேக்கோ என்ற ராணுவக் கிளைடர்கள் வரிசையாக நின்றன. பர்மாவுக்குள் ஜப்பானியப் படைகளின் முதுகுக்குப் பின்னால் ஜெனரல் விங்கேட்டின் சிண்டிட் வீரர்களை இறக்குவது திட்டம். ஒவ்வொரு டக்கோட்டா விமானமும் ஒரே நேரத்தில் இரண்டு கிளைடர்களை நைலான் கயிற்றில் கட்டி இழுத்தது. சுமை அளவுக்கு மீறியிருந்தது, கயிறுகள் பல அறுந்தன, காட்டுக்குள் விழுந்த கிளைடர்கள் பல. போய்ச் சேர்ந்தவை கொண்டுபோன சிறிய புல்டோசர்களால் காட்டின் நடுவில் ஓடுதளம் அமைத்தார்கள். பர்மாவில் காயம்பட்டவர்களை வெளியேற்றக் கையாண்ட ஒரு முறை வியப்பின் உச்சம். தரையில் நிற்கும் கிளைடரின் கயிற்றை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கண்ணிபோல் மாட்டிவைப்பார்கள். தாழப் பறந்துவரும் விமானம் கொக்கியால் அந்தக் கண்ணியைக் கவ்விக்கொண்டு போகும். விமானத்துக்குள் இருக்கும் உருளை, பிரேக் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டுக்கொடுப்பதால் அதிர்ச்சி தணியும். சில விநாடிகளில் கிளைடர் நின்ற நிலையிலிருந்து வானத்துக்குப் போய்விடும்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் கிளைடர் பயிற்சிக்குப் புனே அருகே ஹடப்சரில் 1950-இல் அரசின் கிளைடிங் மையம் தொடங்கப்பட்டது. வின்ச் கொண்டு ஏற்றுவதே அங்கு வழக்கமாக இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் சொந்த ஓடுதளமும் கிளைடர்களும் வந்தன. அதைவிடப் பெருமைக்குரியது, நாமே கிளைடர்களை வடிவமைத்தது. சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள். 1958-இல் அசுவினி பறந்தது, 1961-இல் ரோகிணி, 1963-இல் கார்த்திக், 1970-இல் மிருகசீர், 1979-இல் ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை. ரோகிணியை வடிவமைத்தவர் எஸ். ராமாமிருதம், கார்த்திக்கை வடிவமைத்தவர் கே. பி. கணேசன். மரமும் துணியும் கொண்டு செய்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தார்கள். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பல்லாண்டுகள் கிளைடரில்தான் முதல் பறத்தலைக் கற்றார்கள். விமானவியலைப் பாடநூலில் வைக்கும் நாம் இந்தப் பெயர்களை அதில் வைக்காதது பெரிய குறை என்றே சொல்வேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் கிளைடர் பறக்குமா? காற்று இருக்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பேர்போன கணவாய்கள். தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலைமுகட்டைத் தாண்டும் காற்று, பள்ளத்தாக்கில் இறங்கி, எதிரே மேகமலைச் சரிவில் மோதி மீண்டும் எழ வேண்டும். மலையைத் தாண்டிய காற்று அலையலையாக மேலும் கீழும் போவதை நம்பித்தான் பெர்லான்-2 என்ற கிளைடர் 2018 செப்டம்பர் 2 அன்று ஆண்டீஸ் மலைக்கு மேலே 22 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தை எட்டியது. ஆனால் முகட்டைத் தாண்டிய காற்றின் அடியில் சுழலும் கொந்தளிப்பும் உண்டு, அது இறக்கையை முறிக்கக்கூடியது. இறங்குவதற்கு இடமும் வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளையும் சின்னமனூர் நஞ்சையைச் சமன் செய்து ஓடுதளம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. இங்கே பெரிய கிளைடர் வேண்டாம்.

சிறியது வேண்டும். உலகப் போட்டிகளில் எப்.1.ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கை, அரைக் கிலோவுக்கும் குறைந்த எடை, ஆள் இல்லாத கிளைடர். 50 மீட்டர் நூலில் மாட்டி, போட்டியாளரே ஓடி அதை மேலே ஏற்றுவார். தேர்ந்தவர்கள் நூலை விடாமலே கிளைடரைத் தலைக்கு மேல் வட்டமிடவைத்து, எங்கே காற்று மேலெழுகிறது என்று தேடுவார்கள். கிடைத்ததும் ஒரு பாய்ச்சல் ஓடி விடுவிப்பார்கள். இதன் எளிய வடிவத்தைத் தெர்மாகோல் தகட்டிலும் மூங்கில் குச்சியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்துவிட முடியும். இறக்கைக்கு அடியில் இரு பக்கமும் விரல் வைத்துத் தாங்கிப் பார்த்தால் ஈர்ப்பு மையம் தெரியும். அதற்குச் சற்று முன்னால், வாயைப் பின்பக்கமாக வளைத்த ஒரு கம்பிக் கொக்கி. நூல் முனையில் ஒரு வளையம். நூல் தொய்ந்ததும் வளையம் தானாகக் கழன்றுவிடும். கிளைடர் பக்கவாட்டில் ஓடினால் கொக்கியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். ஏற மறுத்தால் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள்.

தேனி மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காற்று அடங்கிய ஒரு மாதத்தின் காலை நேரத்தில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய் இதைச் செய்து பாருங்கள். ஒருவர் கிளைடரைப் பிடிக்கட்டும், ஒருவர் நூலோடு ஓடட்டும், ஒருவர் சைகை காட்டட்டும். பறந்த நேரத்தையும் கொக்கி இருந்த இடத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நூல் நனையாத பருத்தி நூலாகவும், மைதானம் மேலே மின்கம்பி போகாததாகவும் இருக்க வேண்டும்.